எழுதிக் கொடுத்த யோசனை

ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளரோ அரசுச் செயலரோ ஒரு தனியார் நிறுவனத்தில் ஆலோசகராகச் சேர்ந்தார் என்று செய்தி வந்தால், நம்மிடையே இரண்டு விதமான பேச்சு எழும். முப்பது ஆண்டு அனுபவம் வீட்டில் முடங்கி வீணாகக் கூடாது என்பார்கள் சிலர். அனுபவத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள், இவர் தொலைபேசியில் கூப்பிட்டால் செயலகத்தில் கோப்பு நகரும் என்பதற்குத்தான் விலை என்பார்கள் வேறு சிலர். ஆளுக்கு ஆள் இரண்டுமே உண்மையாக இருக்கக்கூடும் என்பதால் இந்த வழக்குத் தீர்ந்தபாடில்லை. இதைப் பொதுவாகப் பேசுவதைவிட, இந்தத் தொழில் இந்தியாவில் ஓர் உருவம் பெற்ற காலத்துக்குப் போய், அதை மிக நீண்ட காலம் செய்த ஒருவரின் கணக்கைப் பார்ப்பது பயன் தரும். அவர் மோட்சகுண்டம் விஸ்வேஸ்வரய்யா. அணை கட்டியவர், மைசூர்த் திவான், பாரத ரத்னா, செப்டம்பர் 15 பொறியாளர் தினம் என்று பாடப்புத்தகம் அவரை அடுக்கிவிடுகிறது. அவர் பம்பாய் அரசில் சம்பளம் வாங்கியது சுமார் 24 ஆண்டுகள். மைசூரில் தலைமைப் பொறியாளராகவும் திவானாகவும் இருந்தது 9 ஆண்டுகள். 1908க்கும் 1950களுக்கும் இடைப்பட்ட மற்ற காலம் பெரும்பாலும் கேட்டவர்களுக்கு யோசனை சொல்லியே கழிந்தது. அந்த யோசனைகளில் எழுத்தில் நிற்பவற்றை நாம் இன்றும் எடைபோட முடிகிறது, எழுத்தில் இல்லாதவற்றைப் பற்றி அவருடைய நற்பெயரைத் தவிர நம்மிடம் வேறு சான்று இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். அதிகாரியின் அறிவு விற்கப்படுகிறதா, செல்வாக்கு விற்கப்படுகிறதா என்று அறிய இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

ஆங்கிலேய ஆட்சியில் பழகிய இந்தியத் திறமைக்குச் சமஸ்தானங்களில் கிராக்கி இருந்தது அவருக்கு முன்பே தொடங்கிய கதை. கும்பகோணத்தில் பிறந்த டி. மாதவராவ் திருவிதாங்கூர், இந்தூர், பரோடா என்று மூன்று இடங்களில் திவானாக இருந்தார். சென்னை மாகாண வருவாய்த் துறையில் தேர்ந்த சேஷய்யா சாஸ்திரி திருவிதாங்கூருக்கும் பிறகு புதுக்கோட்டைக்கும் போனார். மைசூருக்கு ரங்காசார்லுவும் இதே வழியில் போனவர்தான். இவர்களை ஆலோசகர் என்று சொல்ல முடியாது. அரண்மனைக்குள் போய்ப் பொறுப்பு ஏற்றார்கள், அங்கேயே மகாராஜாவின் தயவும் ஆங்கிலேய ரெசிடெண்டின் தயவும் பார்த்து ஆண்டார்கள், தயவு போனதும் விலகினார்கள். ஒரே வேலைக்கு, ஒரு கால அளவுக்கு, பதவி எதுவும் ஏற்காமல் வந்து, அறிக்கை கொடுத்துவிட்டுப் போகும் ஆள் என்ற வகை அப்போது இந்தியர்களிடையே அரிது. ஆங்கிலேயர்களிடையே அந்த வகை நன்றாகவே வேரூன்றியிருந்தது. லண்டனில் அலுவலகம் வைத்திருந்த கலந்தாலோசகப் பொறியாளர்கள் இந்திய ரயில்பாதைகளுக்கும் பாலங்களுக்கும் வரைபடம் போட்டார்கள். பணியின் மொத்தச் செலவில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் வாங்குவது அந்தத் தொழிலின் வழக்கம். செலவு ஏறினால் கட்டணமும் ஏறும். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பம்பாய் அரசு விஸ்வேஸ்வரய்யாவிடம் போட்டது சாதாரண முதலீடு இல்லை. பூனா பொறியியல் கல்லூரிப் படிப்புக்கு மைசூர் அரசு உதவித்தொகை கொடுத்தது. 1884இல் உதவிப் பொறியாளராகப் பம்பாய்ப் பொதுப்பணித் துறையில் சேர்ந்ததிலிருந்து படிப்பித்தது பம்பாயின் நதிகளும் நகரங்களும். சிந்து நதிக் கரையிலுள்ள சுக்கூர் நகராட்சிக்கு அவரை அரசு கடனாக அனுப்பியது. ஆற்றின் கலங்கிய நீரை வடிகட்டப் பணமில்லாத அந்த ஊருக்கு, ஆற்றுப் படுகையிலேயே கிணறு தோண்டி மணல் வழியே ஊறும் நீரை எடுக்கும் வழியைச் சொன்னார். பூனாவுக்கு மேலே கடக்வாஸ்லா அணையில், சுவரை உயர்த்தாமலே எட்டடி நீரைக் கூடுதலாகத் தேக்கும் தானியங்கி மதகுகளை 1903இல் பொருத்தினார். வெள்ளம் குறிப்பிட்ட மட்டத்தைத் தாண்டினால் தாமாகத் திறந்து, வடிந்ததும் தாமாக மூடிக்கொள்ளும் மதகுகள் அவை. அதற்குக் காப்புரிமை எடுத்தும், அரசுப் பணியில் இருந்தபடி உருவாக்கியதற்கு உரிமைத்தொகை வாங்க மறுத்தார் என்று சொல்லப்படுகிறது. 1906இல் அப்போது பம்பாயின் ஆளுகையில் இருந்த ஏடனுக்குக் குடிநீர்த் திட்டம் தீட்டப் போனார். கண்காணிப்புப் பொறியாளர் வரை ஏறினார். அதற்கு மேல் ஒரே படிதான் மிச்சம். அந்த நாளில் இந்தியர் ஒருவர் பம்பாயின் தலைமைப் பொறியாளராவது நடக்கிற காரியமாக இருக்கவில்லை. அதைப் புரிந்துகொண்டே 1908இல் விலகினார் என்பதுதான் பொதுவான கருத்து. முழு ஓய்வூதியத்துக்கு வேண்டிய ஆண்டுகள் நிறையாதபோதும் அரசு அவருக்குச் சலுகையாக ஓய்வூதியம் கொடுத்தது. மேல்படிக்கு விட மனமில்லாத அரசு, கௌரவமாக வழியனுப்பி வைத்தது.

ஐரோப்பாவில் சுற்றுப்பயணத்தில் இருந்தபோது ஐதராபாத்திலிருந்து அழைப்பு வந்தது. 1908 செப்டம்பர் 28 அன்று மூசி நதி கரைபுரண்டு நகரத்தை அடித்துச் சென்றிருந்தது; ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். நிஜாம் அரசு அவரிடம் மூன்றைக் கேட்டது: நகரத்தை மீண்டும் எழுப்ப வழி, இனி வெள்ளம் வராமலிருக்கத் திட்டம், முறையான சாக்கடை. 1909 ஏப்ரலில் வேலையைத் தொடங்கி அக்டோபரில் அறிக்கையைக் கொடுத்தார். அந்த அறிக்கையின் சிறப்பு அதன் முடிவில் இருப்பதைவிட, முடிவுக்கு வந்த வழியில் இருக்கிறது. மழைப் பதிவுகள் போதுமான அளவு இல்லாத இடத்தில், கிடைத்தவற்றையும் வெள்ளம் சுவர்களில் விட்டுப்போன தடங்களையும் சேர்த்து ஆற்றில் எவ்வளவு நீர் வந்திருக்கும் என்று கணக்கிட்டார். மேல்நிலத்தில் ஏறத்தாழ எண்ணூறு ஏரிகள் இருந்தன. அவற்றில் இருநூறுக்கும் மேற்பட்டவை ஒன்றன்பின் ஒன்றாக உடைந்ததும் வெள்ளத்தின் கொடுமையைக் கூட்டியது என்று காட்டினார். நகரத்துக்குள் கரையை உயர்த்தினால் போதும் என்ற எளிய யோசனைக்கு மாறாக, மூசியிலும் அதன் துணையாறான ஈசியிலும் நகருக்கு மேலே இரண்டு நீர்த்தேக்கங்கள் கட்டி, வெள்ளத்தை அங்கேயே பிடித்து மெல்ல விடச் சொன்னார். நவம்பரில் மைசூருக்குப் போய்விட்டார். கட்டியவர்கள் வேறு பொறியாளர்கள். உஸ்மான் சாகர் 1920இலும் ஹிமாயத் சாகர் 1927இலும் முடிந்தன.

அவர் இல்லாமலே அந்தத் திட்டம் நடந்தது என்பதுதான் என் வாதத்துக்கு முக்கியம். ஐதராபாத் வாங்கியது ஒரு மனிதரின் தயவை இல்லை. எந்தப் பொறியாளரும் எடுத்துப் படித்து, கணக்கைச் சரிபார்த்து, ஏற்கவோ மறுக்கவோ கூடிய ஒரு தாளை. இன்றும் அது செத்த தாளாகவில்லை. இரண்டு நீர்த்தேக்கங்களின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் பத்து கிலோமீட்டருக்குள் பெரும் கட்டுமானங்களுக்குத் தடை விதித்த 1996ஆம் ஆண்டின் 111ஆம் எண் அரசாணை 2022இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. நகரம் இப்போது வேறு இடங்களிலிருந்து குடிநீர் பெறுகிறது, ஆகவே தடை தேவையில்லை என்றது அரசு. இந்த ஏரிகள் முதலில் கட்டப்பட்டதே வெள்ளம் தடுக்க, குடிநீருக்காக மட்டும் இல்லை என்று மறுதரப்பால் பதில் சொல்ல முடிவது, ஒரு நூற்றாண்டுக்கு முன்பே காரணம் எழுத்தில் வைக்கப்பட்டதால்தான்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். எழுத்தில் இருந்தால் மட்டும் நடுநிலை வந்துவிடுமா? வராது. அதற்குக் காவிரியே சான்று. தமிழ் வாசகருக்கு இதை விளக்கவும் வேண்டியதில்லை. 1909இல் மைசூரின் தலைமைப் பொறியாளரானதும் அவர் முன்வைத்த கண்ணம்பாடி அணைத் திட்டம், சென்னை மாகாணத்துக்காகப் பொறியாளர் எல்லிஸ் தயாரித்த மேட்டூர்த் திட்டத்தோடு நேருக்கு நேர் மோதியது. 1892 ஒப்பந்தப்படி மைசூர் புதிய பாசனம் செய்யச் சென்னையின் இசைவு வேண்டும். முழு உயரத்துக்குச் சென்னை சம்மதிக்கவில்லை. முதல் கட்டமாக 11 டி.எம்.சி. தேக்கும் சிறிய அணைக்கு மட்டும் இந்திய அரசு அனுமதித்தது. அந்த அனுமதியை வைத்துக்கொண்டு, பின்னாளில் முழு உயரத்துக்கு எழுப்பத் தக்க அகலத்தில் அடித்தளத்தைப் போட்டார் அவர். வழக்கை விசாரித்த நடுவர் கிரிஃபின் 1914இல் கொடுத்த தீர்ப்பு மைசூருக்குச் சாதகமாக இருந்தது. சென்னை மேல்முறையீடு செய்தது. கடைசியில் 1924 பிப்ரவரி ஒப்பந்தம் இரண்டு அணைகளுக்கும் வழிவிட்டது. கண்ணம்பாடிக்கு 124 அடி, மேட்டூருக்கு 93.5 டி.எம்.சி. தஞ்சை மிராசுதார் அன்று அவரை எப்படிப் பார்த்திருப்பார் என்று யூகிப்பது கடினமில்லை. மைசூர் வாங்கியது தன் பக்கத்து வக்கீலை. அதில் குறை சொல்லவும் இடமில்லை. சம்பளம் வாங்கும் அதிகாரியின் கடமை அது. ஆனாலும் அங்கேகூட, அடித்தளத்தின் அகலம் முதல் தேக்கும் அளவு வரை எல்லாம் தாளில் இருந்ததால்தான் சென்னையின் பொறியாளர்கள் கண்டுபிடித்து எதிர்க்க முடிந்தது. எழுத்து ஒருவரை நடுநிலையாளர் ஆக்காது. எதிராளிக்குப் பிடி கொடுக்கும்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிட ஆழமானது. இந்த அறிவுச் சந்தைக்குள் நுழைய யாருக்கு வாய்த்தது? கல்லூரிப் படிப்பும் உதவித்தொகையும் எட்டிய சிறு வட்டத்துக்குத்தான். 1918இல் மைசூர் மகாராஜா, அரசுப் பணிகளில் பிராமணரல்லாதாருக்குப் பங்கு கிடைக்க வழி ஆராய மில்லர் குழுவை அமைத்தார். சென்னையில் நீதிக்கட்சி எழுந்த அதே ஆண்டுகள். 1921இல் இரண்டு இடங்களிலும் வகுப்புவாரி ஆணைகள் வந்தன. தகுதி தளர்ந்தால் நிர்வாகம் கெடும் என்று நினைத்த விஸ்வேஸ்வரய்யா இதை ஏற்கவில்லை. அவர் திவான் பதவியை விட்டு விலகியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது பொதுவான கருத்து. தகுதி இருந்தும் பிறப்பினால் ஒரு படி மறுக்கப்பட்டுப் பம்பாயை விட்டு வந்தவர் அவர். அதே அனுபவம் வேறொருவருக்கு இன்னும் கீழ்ப் படியிலேயே நேர்கிறது என்பதை அவரால் காண முடியவில்லை. தன்னைப் போன்றவர்களின் அறிவைச் சாதியற்ற பொருளாக அவர் கருதினார்; அந்த அறிவு எந்த வாசல்வழி தன்னிடம் வந்தது என்ற கேள்வியை அவர் எழுதியவற்றில் தேடினால் ஏமாற்றமே. அறிக்கையைச் சரிபார்க்கலாம் என்று நான் சொல்வதற்கும் இது ஒரு வரம்பு: சரிபார்க்கத் தெரிந்தவர்களும் அதே வட்டத்தில்தான் இருந்தார்கள்.

பதவி விட்ட பின் ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா சுற்றிவிட்டு வந்தார். 1922இல் புதுதில்லித் தலைநகர் விசாரணைக் குழுவில் இருந்தார். கராச்சி நகராட்சிக்கும் பம்பாய் மாநகராட்சிக்கும் செலவுக் குறைப்பு யோசனை சொன்னார். இவற்றில் எல்லாம் நிற்கத் தேவையில்லை. நிற்க வேண்டிய இடம் பம்பாயின் பேக் பே கடற்பகுதி. அங்கே அரசுப் பணியிலிருந்து ஆலோசகத் தொழிலுக்கு வந்த இரண்டு பேர் ஒரே விவகாரத்தின் இரண்டு பக்கங்களில் நின்றார்கள்.

முதல் உலகப் போர் முடிந்ததும் வீட்டு வாடகையும் நில விலையும் எகிறிய பம்பாயில், ஆளுநர் ஜார்ஜ் லாய்டு கடலைத் தூர்த்து 1,145 ஏக்கர் நிலம் எடுக்கப் போவதாக அறிவித்தார். அதற்கு யோசனை சொன்னவர் சர் ஜார்ஜ் புக்கானன். ரங்கூன் துறைமுகக் கழகத்தின் தலைவராகவும் தலைமைப் பொறியாளராகவும் இருந்தவர். போர்க்காலத்தில் மெசபட்டோமியாவில் துறைமுகப் பொறுப்பு வகித்தவர். பிறகு தனியார் ஆலோசகப் பொறியியல் நிறுவனம் ஒன்றின் பங்குதாரர். துறைமுகத்தின் அடியிலிருந்து களிமண்ணைத் தூர்வாரும் கப்பலால் உறிஞ்சி, குழாய் வழியே கற்சுவருக்குள் கொட்டுவது திட்டம். கப்பல் எதிர்பார்த்த அளவுக்கு மண்ணைத் தரவில்லை. கொட்டிய சேற்றில் ஒரு பகுதி சுவரின் இடுக்கு வழியே கடலுக்கே திரும்பியது. செலவு மதிப்பீடு ஏறிக்கொண்டே போனது, நில விலையோ இறங்கிக்கொண்டே வந்தது. சட்டமன்ற உறுப்பினர் கே.எஃப். நரிமன் இதை விடாமல் தோண்டினார். அவர்மீது திட்டப் பொறியாளர் ஹார்வி தொடுத்த அவதூறு வழக்கில் 1928இல் விடுவிக்கப்பட்டார். 1926இல் அலகாபாத் தலைமை நீதிபதி கிரிம்வுட் மியர்ஸ் தலைமையில் அமைந்த விசாரணைக் குழுவில் விஸ்வேஸ்வரய்யாவும் உறுப்பினர். திட்டத்தின் எட்டுப் பகுதிகளில் நான்கோடு வேலை நின்றது. விடுபட்ட பரப்பில் ஒரு துண்டு, நாடு விடுதலையான பின் தூர்க்கப்பட்டபோது நரிமன் முனை என்று பெயர் பெற்றது; கடலைத் தூர்க்கும் திட்டத்தை எதிர்த்தவருக்குத் தூர்த்த நிலமே நினைவிடமானது பம்பாயின் குறும்பு என்று சொல்லலாம்.

புக்கானன் திறமையற்றவர் என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது, அநியாயமும்கூட. ரங்கூன் ஆற்றில் அவர் செய்த வேலை பெரிய வேலை. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது: திட்டத்தைச் சிபாரிசு செய்தவரின் நிறுவனமே அதை நடத்தும் ஆலோசகராகவும் இருந்தது. களிமண் போதுமா, கப்பல் போதுமா என்று வெளியிலிருந்து இன்னொருவர் கணக்கைப் பார்க்கும் கட்டம் வேலை தொடங்குமுன் வரவேயில்லை. ஆறு ஆண்டு கழித்து விசாரணையாக வந்தது. ஐதராபாத்தில் திட்டம் தீட்டியவர் போய்விட்டார், வேறு ஆட்கள் கட்டினார்கள். பம்பாயில் தீட்டியவரும் நடத்துபவரும் ஒரே கைதான். இரண்டு ஆலோசகர்களின் குணத்தை ஒப்பிடுவதைவிட இந்த அமைப்பு வேறுபாட்டை ஒப்பிடுவதே நியாயம். விஸ்வேஸ்வரய்யாவையே புக்கானனின் நாற்காலியில் உட்கார வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நமக்குத் தெரியாது.

ஓரளவு ஊகிக்க வேண்டுமானால் இரும்பைப் பார்க்க வேண்டும். அவர் திவானாக இருந்தபோது முளைத்த பத்ராவதி இரும்பாலை 1923இல் உற்பத்தி தொடங்கிய வேகத்திலேயே நட்டத்தில் தத்தளித்தது. அவர் தலைவராகி 1929 வரை நடத்தினார். சேர்ந்த ஊதியத்தைத் தமக்கென்று எடுக்காமல் பெங்களூரில் தொழிற்பயிற்சிக் கூடம் ஒன்றுக்குத் தந்தார். பணத்தில் அவர் கை சுத்தம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் 1927இல் டாட்டா இரும்பு எஃகுக் கம்பெனியின் இயக்குநர் குழுவிலும் சேர்ந்தார். 1955 வரை அங்கே இருந்தார். ஆக இரண்டு ஆண்டு காலம் ஒரு சமஸ்தான அரசின் இரும்பாலைக்குத் தலைவர், அதே பண்டத்தை விற்கும் மிகப் பெரிய தனியார் ஆலைக்கு இயக்குநர். கூடவே இந்தியத் தொழில்களுக்கு இறக்குமதி வரிப் பாதுகாப்பு வேண்டும் என்று நாடறியப் பேசியவர், 1941இல் அகில இந்திய உற்பத்தியாளர் அமைப்பைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர். அந்தப் பாதுகாப்பால் முதலில் பயன் பெற்ற தொழில்களில் ஒன்று எஃகு. அவர் நம்பியதைத்தான் சொன்னார் என்று நானும் நம்புகிறேன். என் நம்பிக்கைக்கு ஆதாரம் அவருடைய மற்ற வாழ்க்கை மட்டுமே. அந்த இயக்குநர் குழுக் கூட்டங்களில் என்ன யோசனை சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார் என்று ஐதராபாத் அறிக்கையைப் போல எடுத்துப் படிக்க எதுவும் இல்லை.

காலம் மாறிவிட்டது, இன்றைய ஆலோசகர்கள் வணிக ரகசியம் காக்கக் கையெழுத்திட்டவர்கள், அறிக்கையை வெளியிடு என்றால் எந்தக் கம்பெனியும் கூப்பிடாது என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் அவரிடம் வேலை கேட்டவர்களின் பட்டியலைப் பாருங்கள்: நிஜாம், இந்தூர், கராச்சி, பம்பாய், ஒரிசா வெள்ளத்தைப் பார்க்கச் சொன்ன காந்தி, 1952இல் மொகாமாவில் கங்கைப் பாலத்துக்கு இடம் தேர்ந்தெடுக்கத் தொண்ணூறு வயதைத் தாண்டிய அவரை அழைத்த இந்திய அரசு. ஏறக்குறைய எல்லாமே பொதுப்பணம். பொதுப்பணத்தில் வாங்கும் யோசனைக்கு ரகசியம் காக்கும் உரிமையை யார் கொடுத்தது என்ற கேள்விக்கு வணிகத்தில் விடையில்லை. இன்றும் மாநில அரசுகளும் மாநகராட்சிகளும்தான் பெரிய ஆலோசக நிறுவனங்களின் பெரிய வாடிக்கையாளர்கள்.

நம் விதிகள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை, நாட்காட்டியைப் பார்க்கின்றன. மத்திய அரசின் உயர்பிரிவு அலுவலர் ஓய்வுபெற்று இரண்டு ஆண்டுகளுக்குள் தனியார் வேலை ஏற்க முன்பு அனுமதி வேண்டியிருந்தது. பின்னர் அது ஓராண்டாகக் குறைந்தது. அந்த விதியின் கண்ணோட்டத்தில் விஸ்வேஸ்வரய்யாவை நிறுத்திப் பாருங்கள். நிஜாமிடம் போனது சமஸ்தான அரசுப் பணி, தனியார் வேலைக் கணக்கில் வராது என்று தப்பலாம். ஆனால் விதியின் உள்ளெண்ணம் இடைவெளிதான் என்றால், பம்பாயை விட்ட சில மாதங்களிலேயே தொடங்கிய ஐதராபாத் வேலைதான் கேள்விக்குரியது. டாட்டா ஆலையின் இயக்குநர் பதவியோ, திவான் பதவியை விட்டு ஒன்பது ஆண்டு கழிந்து வந்தது. அதற்கு எவரிடமும் எந்த அனுமதியும் கேட்க வேண்டியிருந்திருக்காது.